மோதிரக் கல்லும் கள்ளாமை விரதமும்

இல்லத்தில் மங்கல காரியம் ஒன்று கூடி வரும்பொழுது நம் விரதங்களுள் சில தவறாமல் நினைவுக்கு வருகின்றன. விருந்துச் சமையலில் கிழங்கு வகை சேராதபடி பார்த்துக்கொள்கிறோம். பொழுது சாய்வதற்குள் பந்தி முடிய வேண்டும் என்று பரபரக்கிறோம். ஆனால் அதே காரியத்திற்காகக் கடைவீதியில் கால் வைத்தவுடன், அணுவிரதங்கள் ஐந்தும் நம்மோடு வந்தனவா, வீட்டிலேயே தங்கிவிட்டனவா என்று நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. அண்மையில் நம் இல்லத்து மகனின் நிச்சயதார்த்தத்திற்கு மோதிரம் வாங்கப் போனபோது இக்கேள்வி நம்மையே எதிர்கொண்டது. அதனை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையது எனக் கருதுகிறோம்.

நம் பாட்டனார் காலத்தில் நிச்சயதார்த்தம் என்பது வெற்றிலை பாக்கும் பூவும் பழமும் வைத்த தட்டுகளை மாற்றிக்கொள்வதோடு நிறைவுறும். வைரம் அன்றும் இருந்தது. வசதி படைத்த இல்லங்களில் பெண்களின் தோட்டிலும் மூக்குத்தியிலும் இருந்தது. வைர மோதிரம் அணிவித்தே பெண்ணை உறுதி செய்ய வேண்டும் என்னும் எண்ணம் மேலை நாட்டிலிருந்து வந்தது. அங்கும் அதனைப் பரப்பியது விளம்பரமே. வைர வணிகத்தில் கோலோச்சிய டி பியர்ஸ் நிறுவனத்திற்காக, வைரம் என்றென்றைக்கும் உரியது என்னும் பொருள்பட ஒரு வாசகத்தை 1947இல் ஓர் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஆக்கித் தந்தது. அவ்வாசகம் கடல் கடந்து வந்து இன்று நம் ஊர்களிலும் ஒரு வழக்கமாகிவிட்டது. பெண் வீட்டார் மோதிரம் வேண்டும் என்று கேட்கவில்லை. உறவினர் இல்லங்களில் அண்மையில் நடந்த நிச்சயதார்த்தங்களில் போட்டார்கள். நாமும் போடாவிடில் குறையாகத் தோன்றுமே என்று நாமே எண்ணிக்கொண்டோம்.

இரண்டு நாள்களில் மூன்று நகைக்கடைகள் ஏறி இறங்கினோம். மூன்றாம் கடையில், கறுப்பு வெல்வெட் தட்டில் இரண்டு மோதிரங்களை விற்பனையாளர் எடுத்து வைத்தார். இரண்டிலும் அரைக் காரட், அதாவது ஐம்பது சென்ட் எடையுள்ள கற்கள். ஒன்று சுரங்கத்திலிருந்து எடுத்தது. மற்றொன்று ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியைத் தந்து பார்க்கச் சொன்னார். நமக்கு வேறுபாடு தெரியவில்லை. இரண்டாவதன் விலையோ முதலாவதன் விலையில் ஒரு சிறு பங்கே. தயங்கி நின்ற நம்மைப் பார்த்து அவர் புன்னகையோடு சொன்னார்: "இதையே எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. எந்தக் கல் என்று பெண் வீட்டாருக்குத் தெரியவா போகிறது?"

அன்றிரவு அச்சொல் நமக்கு இனிமையாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடக் கல் போலிக் கல் அன்று. அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படும் கல் வேறு பொருள். இதுவோ சுரங்க வைரத்தைப் போலவே கரியணுக்களாலான வைரம். சாதாரண வைரச் சோதனைக் கருவியும் இதனை வைரம் என்றே காட்டும். பிரித்தறியத் தனிக் கருவிகள் வேண்டும். நாம் வாய் திறந்து பொய் ஏதும் சொல்லப்போவதில்லை. அப்படியிருக்க இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

இக்கேள்விக்கு விடை தேடி, உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தைப் புரட்டினோம். கள்ளாமை விரதத்திற்கு அங்கே ஐந்து அதிசாரங்கள் கூறப்படுகின்றன: திருடத் தூண்டுதல், திருடிக் கொணர்ந்ததைக் கொள்ளுதல், அரசின் சட்டத்தை மீறுதல், அளவையிலும் நிறையிலும் வஞ்சித்தல், ஒன்றைப் போன்ற வேறொன்றைக் காட்டி வாணிபம் செய்தல். பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இவ்வைந்தும் அம்மூன்று கடைகளிலும் நம்மைச் சுற்றியே நின்றன என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

முதலிரண்டையும் சேர்த்தே பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. கிளர்ச்சிப் படையினர் வைர வயல்களைக் கைப்பற்றி, அக்கற்களை விற்று ஆயுதம் வாங்கினர்; குடிமக்களின் கைகளை வெட்டினர். அத்தகைய கற்கள் சந்தைக்கு வராமல் தடுக்க 2003இல் கிம்பர்லி நடைமுறை என்னும் பன்னாட்டு ஏற்பாடு செயற்படத் தொடங்கியது. அதனால் நன்மை விளைந்தது மெய். ஆயினும் அச்சான்று, பட்டை தீட்டாத கற்பொதிகள் ஒரு நாட்டு எல்லையைக் கடக்கும்போது உடன் செல்வது. நம் கைக்கு வரும் தனிக் கல்லுக்கு உரியதன்று. கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் சேர்க்கும் கற்களையே அது விலக்குகிறது. சுரங்கத்தில் நிகழும் பிற கொடுமைகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. கடைக்காரரிடம் கல்லின் பிறப்பிடத்தைக் கேட்டபோது, "சான்றிதழ் இருக்கிறதே" என்று ஒரு தாளை நீட்டினார். அதில் எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகிய நான்கும் இருந்தன. எவர் கை வழியாக வந்தது என்பது இல்லை.

இதனால் சுரங்க வைரம் அனைத்தும் பாவப் பொருள் என்று கூறிவிடல் ஆகாது. அநேகாந்தம் கற்ற நாம் ஒரு பக்கம் மட்டும் பார்த்துத் தீர்ப்புரைக்கலாகாது. போட்ஸ்வானா நாடு தன் வைர வருவாயைக் கொண்டு பள்ளிகளும் சாலைகளும் மருத்துவமனைகளும் அமைத்தது. உலக வைரங்களில் மிகப் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது நம் நாட்டுச் சூரத் நகரில். பல இலட்சம் தொழிலாளர் அதனால் பிழைக்கின்றனர். அவ்வணிகத்தில் பாலன்பூர்ச் சமணக் குடும்பங்கள் பல தலைமுறையாக ஈடுபட்டுள்ளன. மறுபுறம், ஆய்வுக்கூடக் கல்லும் தீங்கற்றதன்று. அதனை வளர்க்கப் பெரும் வெப்பமும் மிகுந்த மின்சாரமும் வேண்டும். ஒன்றில் நிலத்தைக் குடைந்து மண்ணுயிர்க்கு ஊறு, மற்றொன்றில் நெருப்பு. எனவே எக்கல் தூயது என்பதைவிட, எதனை எவ்வளவு, எவ்வாறு கொள்கிறோம் என்பதே இல்லறத்தார் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாம் அதிசாரம் முதற்கடையிலேயே எதிர்ப்பட்டது. பில் வேண்டாம் என்றால் மூன்று விழுக்காடு ஜி.எஸ்.டி. மிச்சமாகும் என்றார்கள். நான்காவது இரண்டாம் கடையில். ஒரு காரட் என்பது 0.2 கிராம். மோதிரத்தின் மொத்த எடையிலிருந்து கல்லின் எடையைக் கழித்த பிறகே தங்கத்திற்கு விலை போட வேண்டும். அங்கே மொத்த எடைக்கும் தங்க விலையைப் போட்டு, கல்லுக்கும் தனி விலை போட்டிருந்தார்கள். கேட்டபின் திருத்தினார்கள். ஒற்றைக் கல் மோதிரத்தில் இது சிறு தொகை. பல கற்கள் பதித்த நகையில் சிறிதன்று. தங்கத்தின் மாற்றுக்கும் காரட் என்றே பெயர் என்பதால் நம்மவர் குழம்புகின்றனர். வைர நகை பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில் செய்யப்படுவது. நூற்றுக்கு 75 பங்கு தங்கம். அதில் 750 என்னும் முத்திரையும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஆறு எழுத்தெண் அடையாளக் குறியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இங்கே மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கல் ராசியாக அமையுமா என்று மூன்று இரவு வீட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மவரிடையேயும் புகுந்திருக்கிறது. இஃது உலக மூடம் அன்றி வேறில்லை. கல்லின் தோஷத்தை இத்தனை கவலையோடு ஆராயும் நாம், அதனை வாங்கும் முறையில் உள்ள தோஷத்தை ஆராய்வதில்லை.

ஐந்தாவதே நம்மை உறங்கவிடாதது. விற்பனையாளர் நம்மிடம் ஒளிக்கவில்லை. எது எக்கல் என்று தெளிவாகவே சொன்னார். அவ்வகையில் அவர் குற்றமற்றவர். ஒன்றை மற்றொன்றாகக் காட்ட நினைத்தவர்கள் நாம்தாம். பட்டுப் புடவையின் விலையையும் பழத் தட்டின் விலையையும் நாம் சபையில் சொல்வதில்லையே, இதனை மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று மனம் வாதாடியது. விலையைச் சொல்லாதிருப்பது அடக்கம், அதில் பிழையில்லை. ஆனால் பிறர் தவறாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்றே திட்டமிட்டு வாய் மூடியிருப்பது அடக்கம் ஆகாது. உண்மை தெரிந்தால் ஒன்றும் குறையாது என்றால் மறைப்பானேன்? குறையும் என்றால், மறைத்து நாம் பெறுவது எதனை? அவர்கள் அறிந்திருந்தால் கொடுத்திராத மதிப்பை அல்லவா? கொடாததைக் கொள்ளுதலே களவு என்பது ஆகமம். பொருளைப் பற்றி மட்டும் அது கூறப்பட்டதன்று என்று நமக்குப் பட்டது. பிறர் மனத்திலிருந்து மதிப்பை எடுத்துக்கொள்வதும் களவே. அதுவும் வாழ்நாள் உறவுக்கு உறுதி சொல்லும் நாளில், அவ்வுறுதியின் அடையாளமாகிய பொருளைக் கொண்டே செய்யும் களவு.

மறுநாள் முதலில் இவ்வளவுதான் செலவிடுவது என்று ஒரு வரம்பு கட்டிக்கொண்டோம். பொருள் வரைதல் என்னும் விரதம் கடைக்குள் நுழைந்தபின் தோன்றாது. வீட்டுப் படியிறங்கும் முன்னரே உடன் வர வேண்டும். அவ்வரம்புக்குள் ஆய்வுக்கூடக் கல் பதித்த சிறு மோதிரம் ஒன்றைப் பில்லோடு வாங்கினோம். பில்லில் அது எவ்வகைக் கல் என்பதையும் எழுதித் தரச் செய்தோம். மாலையில் சம்பந்தி இல்லம் சென்று, மோதிரத்தையும் பில்லையும் அவர் முன் வைத்து உள்ளதைச் சொன்னோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லாமலே விட்டிருக்கலாமே, சம்பந்தி. இனி எவரேனும் கேட்டால் நானும் அல்லவா சொல்ல வேண்டும்?" என்றார். அச்சொல் சுட்டது. நம் மனச்சுமையை இறக்கி அவர் தோளில் ஏற்றிவிட்டோமோ என்று கலங்கினோம். விடைபெறும் வேளையில் வாசல்வரை வந்தவர், தாமும் ஒன்றை மறைத்து வைத்திருப்பதாகக் கூறி அதனைச் சொன்னார். திருமணச் செலவு பற்றியது; இங்கே எழுதுவதற்குரியதன்று. அதனால் எவ்விதக் குறையும் இல்லை என்றோம். எத்தனை நாள் அதனை நினைத்து அவர் உறங்காதிருந்தாரோ, அறியோம். நாம் ஒன்றை மறைத்திருந்தால் அவரும் அதனை மறைத்தே இருந்திருப்பார் என்பது மட்டும் தெரிகிறது.

நிச்சயதார்த்தத்தன்று மூத்த அம்மையார் ஒருவர் மோதிரத்தைப் பார்த்துக் கேட்டார். சம்பந்தியே பதில் சொன்னார். அம்மையார் முகம் சற்று வாடியது. பின்னரும் அவர் நம்மிடம் முன்போலப் பேசவில்லை. வாய்மைக்கு இத்தகைய விலையும் உண்டு. இல்லை என்று சொல்வது பொய்யாகும். இத்தனைக்கும் வரம்பு கட்டுவதானால் மோதிரமே வேண்டாம் என்றிருக்கலாமே என்று அன்பர்கள் கேட்கலாம். அவ்வளவு துணிவு நமக்கு வரவில்லை என்பதே விடை.

வைரம் என்றென்றைக்கும் உரியது அன்று. அது எரியக்கூடியது என்பதை லவாய்சியே 1772இல் ஆய்ந்து காட்டினார். அது கரியே என்பதை ஸ்மித்சன் டெனன்ட் 1797இல் மெய்ப்பித்தார். அடுப்புக் கரியும் வைரமும் ஒரே புத்கலத்தின் வேறு வேறு பரியாயங்கள். அநித்தியத்தைச் சிந்திக்கும் நமக்கு இது வியப்பன்று. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை நாள்தோறும் போற்றும் இல்லறத்தார், நான்காவதாக ஒரு கல்லை வாங்க நேரும்போது, அதனைப் பற்றி எவர் கேட்டாலும் தலைநிமிர்ந்து உள்ளதைச் சொல்லக்கூடியதாக அது இருக்கட்டும். அவ்வாறு சொல்ல முடியாத கல், எவ்வளவு ஒளிர்ந்தாலும் நம் பிள்ளைகளின் விரலுக்கு வேண்டாம்.