கேளாதவருக்குக் கற்பிக்கலாமா?

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கல்வி நிலையைச் சொல்ல வருவோர் முதலில் எடுத்துக்காட்டுவது எழுத்தறிவுக் கணக்கை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவுகளின் எழுத்தறிவு 86 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டின் அளவு 80 விழுக்காடு. கடலில் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு இது சிறிய சாதனை அன்று. ஆனால் இதே ஆட்சிப்பகுதியில் பள்ளிக்கூடமே இல்லாத மக்களும் இருக்கிறார்கள். அவர்களுள் சிலரை நெருங்குவதையே சட்டம் தடுக்கிறது. கற்பிப்பது அறம் என்று எல்லாச் சமயங்களும் சொல்கின்றன. அப்படியானால் கேட்டவருக்கு மட்டும் கற்பிப்பது அறமா, கேளாதவருக்கும் கற்பிக்க வேண்டுமா? இந்தியாவில் இக்கேள்வி இத்தீவுகளில் எழுந்த அளவு கூர்மையாக வேறெங்கும் எழுந்ததில்லை.

கேள்வி தொடங்கிய இடம் சாத்தம். போர்ட் பிளேர் துறைமுகத்துக்குள் கிடக்கும் சிறு தீவு அது. இன்று ஒரு பாலம் அதை நகரோடு சேர்க்கிறது. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் ஆங்கிலேயரின் முதல் குடியேற்றத்தை இங்கேதான் அமைத்தார். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 1857 எழுச்சிக்குப் பின், 1858 மார்ச்சில் கைதிகளோடு வந்த கப்பலின் ஆட்கள் காடு வெட்டத் தொடங்கியதும் சாத்தத்தில்தான்; குடிநீர் போதாமல் தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாறியது. 1883இல் சாத்தத்தில் மர அறுவை ஆலை எழுந்தது. அந்தமான் காட்டின் படாக் மரமும் குர்ஜன் மரமும் இங்கே பலகையாகிக் கப்பலேறின. அந்தக் காடு அந்தமானியப் பழங்குடிகளின் வீடு, உணவு, மருந்து எல்லாமாக இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளியும். ஒரு பள்ளியைப் பலகையாக அறுத்து அனுப்பிய ஆட்சி, அதே மக்களுக்கு வேறொரு பள்ளியைக் கட்டித்தர முன்வந்தது.

1863இல் ராஸ் தீவில் ஹென்ரி கார்பின் என்ற பாதிரியாரின் பொறுப்பில் ‘அந்தமான் இல்லம்’ தொடங்கியது. பெரியவர்களும் பிள்ளைகளுமாக அந்தமானியர் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டனர். ஆங்கிலம் சொல்லித்தரப்பட்டது, உடை உடுத்தப் பழக்கப்பட்டது, வேலை வாங்கப்பட்டது. நினைத்தபோது கிளம்பிப் போகும் உரிமை மட்டும் இல்லை. சிலரைக் கார்பின் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றபோது நகரத்தார் வேடிக்கை பார்க்கத் திரண்டனர். கார்பின் கெட்ட மனிதர் அல்லர். தாம் செய்வது நன்மை என்று உண்மையாகவே நம்பியவர். அவருடைய நம்பிக்கையால் விளைந்ததைக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. ஓரிடத்தில் கூட்டி வைக்கப்பட்ட மக்களிடையே புதிய நோய்கள் விரைவாகப் பரவின. 1877இல் தட்டம்மை வந்தது. 1858இல் ஆயிரக்கணக்கில் இருந்த, ‘பெரிய அந்தமானியர்’ எனப்படும் இம்மக்கள் 1901இல் 625 பேர். 1931இல் 90 பேர். 1961இல் 19 பேர். அழிவுக்குக் காரணம் பள்ளி மட்டும் அன்று. ஆயினும் நோய் வந்து சேர்ந்த வாசல்களில் அதுவும் ஒன்று.

இந்த இடத்தில் சமயங்கள் சொல்வதைப் பார்க்க வேண்டும். கிறித்தவத்தில் எல்லா இனத்தாருக்கும் போய்க் கற்பியுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. அதை மேற்கொண்டவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டே ஆகவேண்டும். கேட்பவர் வரட்டும் என்று காத்திருந்தால் கட்டளை நிறைவேறாது. இந்திய மரபு இதற்கு மாறான திசையில் நடந்தது. பிரச்ன உபநிடதத்தில் ஆறு பேர் கையில் சமித்து ஏந்திப் பிப்பலாதரிடம் போகிறார்கள். அவர் உடனே கற்பிக்கவில்லை. ஓராண்டு தங்கி நோன்பிருங்கள், பிறகு கேளுங்கள், எமக்குத் தெரிந்திருந்தால் சொல்கிறோம் என்கிறார். அந்த ‘தெரிந்திருந்தால்’ என்ற சொல்லில் ஆசிரியனின் அடக்கம் முழுதும் இருக்கிறது. புத்தர் ஞானம் பெற்றபின் போதிக்கத் தயங்கினார் என்றும், பிரமன் வந்து வேண்டிய பிறகே முன்வந்தார் என்றும் பாலி நூல்கள் கூறுகின்றன. பவணந்தியாரின் நன்னூல் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன் யார், மாணவன் யார், எப்படிக் கொள்வது, எப்படிக் கொடுப்பது என்பதற்கெல்லாம் இலக்கணம் உண்டு. சைவ சித்தாந்தமோ பக்குவம் வந்த உயிருக்கே குரு வருவான் என்கிறது.

காத்திருத்தல் பெருமைக்குரியதாகத் தோன்றினாலும் அதற்கு ஒரு கறை உண்டு. பக்குவம், தகுதி, அதிகாரம் என்ற சொற்களையே தாழ்ப்பாளாக்கிப் பெரும்பான்மை மக்களை நூற்றாண்டுகளாகக் கல்விக்கு வெளியே நிறுத்தியதும் இதே மரபுதான். தமிழ்நாட்டில் அந்தத் தாழ்ப்பாளை உடைக்க மிஷன் பள்ளிகள் தேவைப்பட்டன. 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறக்க வேண்டியிருந்தது. அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் வாழ்நாள் முழுதும் போராட வேண்டியிருந்தது. ஆகவே கேட்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்வதை அப்படியே அறமாகக் கொள்ள முடியாது. எனினும் ஒரு வேறுபாட்டைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். சேரியில் இருந்தவர்கள் கேட்டார்கள், திரும்பத் திரும்பக் கேட்டார்கள், கதவு திறக்கப்படவில்லை. அந்தமான் காட்டில் இருந்தவர்கள் எந்தக் கதவையும் தட்டவில்லை. அவர்களுடைய வீட்டுக் கதவுதான் உடைக்கப்பட்டது. முதலாமவருக்குக் கல்வியை மறுத்ததும் இரண்டாமவர்மேல் கல்வியைச் சுமத்தியதும் ஒரே ஆணவத்திலிருந்து பிறந்தவை. தகுதியை நிர்ணயிப்பவன் நான் என்ற ஆணவம் அது.

வேடர்களைப் பற்றித் தமிழ்ச் சைவமே இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் ஐம்புலன்களை வேடராக உருவகித்து, அவர்களிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிருக்குக் குரு வந்து உணர்த்துவதாகச் சொல்கிறது. அரசகுமாரன் வேடரிடம் வளர்ந்த கதையாக உரைகாரர்கள் அதை விரிப்பர். உருவகந்தான் என்றாலும், காட்டில் வாழ்வோர் அறியாமையில் கிடப்போர் என்ற எண்ணத்தை அது வழிவழியாகக் கடத்துகிறது. சேக்கிழாரின் பெரியபுராணம் இதற்கு எதிர்ப்பக்கம். திண்ணன் என்ற வேடன் காளத்தியில் தான் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைக்கிறான். ஆகமம் கற்ற சிவகோசரியார் அதைத் தீட்டு என்று பதறுகிறார். மறைந்திருந்து பார் என்று இறைவன் சொல்வது வேடனிடம் அன்று, கற்றவரிடம். வேடன் தன் கண்ணை இடந்து அப்புவதைக் கண்ட பிறகே கற்றவரின் கல்வி முழுமை பெறுகிறது. பழங்குடிப் பள்ளி ஒன்றுக்கு ஆசிரியராகப் போகும் எவரும் படித்துவிட்டுப் போகவேண்டிய பகுதி இது.

கற்பிக்கப் போனவர்கள் எல்லோரும் தோற்றார்கள் என்றும் சொல்வதற்கில்லை. நிக்கோபார் வரலாறு அதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1768இல் தரங்கம்பாடியிலிருந்து மொரேவிய சபையார் நான்கவுரிக்குப் போனார்கள். காய்ச்சலில் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள், மொழி பிடிபடவில்லை, 1787இல் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1890களில் வேதப்பன் சாலமன் என்ற தமிழர் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் ஒரு சிறு பள்ளியை நடத்தினார். அவர் உபதேசியார்; அரசின் முகவர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. அவரிடம் படித்த ஒரு நிக்கோபாரிச் சிறுவன் பர்மாவின் மாந்தளைக்கு மேற்படிப்புக்குப் போய், 1912இல் ஆசிரியராக ஊர் திரும்பினான். அவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார், 1950இல் பேராயரானார், 1952இல் அமைந்த முதல் மக்களவையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினராக அமர்ந்தார். கால்பந்தை நிக்கோபாரில் ஊன்றியவரும் அவரே என்று தீவில் சொல்வார்கள். இன்று கார் நிக்கோபாரில் பள்ளியும் தேவாலயமும் விளையாட்டுத் திடலும் ஊரார் தமக்குச் சொந்தமாகக் கருதுபவை.

ராஸ் தீவில் கெட்டது மூஸில் எப்படிக் கூடிவந்தது? நிக்கோபாரிகள் பலகாலமாகத் தேங்காய் வாணிகத்தில் கப்பல்காரர்களோடு பேரம் பேசிப் பழகியவர்கள். வெளியாரிடம் முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்கள், சொல்லக்கூடிய பலமும் உடையவர்கள். துஹெத் என்னும் கூட்டுக்குடும்பம் அவர்களுக்கு உண்டு. நிலமும் தோப்பும் அதன் பொறுப்பு, பிள்ளையும் அதன் பொறுப்பு. பள்ளிக்குப் போன பிள்ளை மாலையில் துஹெத்துக்குத் திரும்பியது. படித்துவிட்டு வந்தவனே அடுத்த ஆசிரியனானான், பாடம் தாய்மொழியில் இறங்கியது. மறுக்கும் உரிமை, திரும்பும் வழி, சொந்த மொழி ஆகிய மூன்றும் இருந்ததால் அங்கே கல்வி வேர்பிடித்தது. ராஸ் தீவு இல்லத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மதம் இரண்டிடத்திலும் ஒன்றுதான். எனவே குறையைக் கிறித்தவத்தின் மேல் போடுவதும் நிறையை அதற்கே எழுதுவதும் பொருந்தாது.

பெரிய அந்தமானியரின் இன்றைய நிலை இதற்கு மறுபக்கச் சான்று. ஐம்பதுக்குச் சற்றே மேற்பட்டிருக்கும் அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், பேசுவது இந்தி. அவர்களுடைய மொழிகளுள் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளராக இருந்த போவா சீனியர் என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவரிடமிருந்து பதிவு செய்தவை இல்லையென்றால் அம்மொழியில் பெரும்பகுதி சுவடின்றிப் போயிருக்கும். மதிப்பெண் பட்டியலில் அந்தப் பிள்ளைகள் முன்னேறியவர்களாகவே தெரிவார்கள். தம் பாட்டியின் பேச்சு புரியாமல் போனதைப் பதிய அப்பட்டியலில் கட்டம் இல்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது சின்ன அந்தமானின் டுகாங் கிரீக்கில் இருந்த ஓங்கே பழங்குடியினர் கடல் பின்வாங்கியதைக் கண்டவுடன் மேட்டுக்கு ஏறி உயிர் தப்பினார்கள். அந்தப் பாடத்தைத் தந்த பள்ளிக்கும் பெயர் இல்லை.

சட்டமும் இந்த இரட்டை நிலையைச் சுமக்கிறது. 2002இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 21அ பிரிவும், 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்கின்றன. 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையோ பழங்குடிகளின் ஒதுக்கிடங்களில் வெளியார் நுழைவதைத் தடுக்கிறது. ஜாரவா என்னும் அந்தமான் பழங்குடியினருக்கான 2004இன் கொள்கை, அவர்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகப் பொதுவாழ்வுக்குள் இழுக்கக் கூடாது என்கிறது. ஜாரவாக் குழந்தையும் இந்தியக் குழந்தைதானே, அதற்கு மட்டும் உரிமை ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குழந்தை எங்குமே தானாகப் பள்ளி கேட்பதில்லை. பெற்றோரும் ஊரும் கேட்கின்றன. ஆகவே ஜாரவாப் பெற்றோர் கேட்கும் நாளில் மறுப்பதற்கு எவருக்கும் உரிமை கிடையாது. அதுவரை அரசின் கடமை நோய் பரவாமல் காப்பதும், காட்டைக் காப்பதும், அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டு காத்திருப்பதும் ஆகும். உரிமை என்ற பெயரில் கட்டாயத்தை மட்டும் முன்னே அனுப்பினால் அது ராஸ் தீவு இல்லத்தின் மறுபதிப்பாகிவிடும்.

தீவுத் தமிழருக்கு இது அயலார் சிக்கல் அன்று. இன்று சாத்தம் படகுத்துறையில் நின்றால் பேம்பூ பிளாட்டுக்குப் போகும் படகில் பேருந்தும் இருசக்கர வண்டியும் ஏறுவதைக் காணலாம்; அவற்றுக்கிடையே புத்தகப் பையோடு பிள்ளைகளும் நிற்கிறார்கள். சாலையில் சுற்றினால் நெடுந்தூரம், கடலில் சில நிமிடம். அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி தமிழாக, வங்காளமாக, தெலுங்காக, மலையாளமாக, இந்தியாக இருக்கும். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தமிழரும் பிள்ளைகளைத் தமிழில் படிக்கவைக்கவே விரும்பினர். தமிழ் வழிப் பள்ளிகள் குறையும்போதெல்லாம் தமிழர் வருந்துகிறார்கள், மனுக் கொடுக்கிறார்கள். அந்த வருத்தம் நேர்மையானது. அதே நேர்மையோடு நிக்கோபாரிக்கும் ஓங்கேக்கும் அவரவர் மொழியில் பாடநூலும், அவ்வினத்திலிருந்தே ஆசிரியரும் வேண்டும் என்று கேட்பது தமிழர் கடன். தமக்குக் கேட்பதைப் பிறர்க்கும் கேட்டால்தான் அது கொள்கையாகும்.

2018 நவம்பரில் வேதத்தைக் கற்பிக்க வடக்குச் சென்டினல் தீவில் சட்டத்தை மீறிக் கால்வைத்த அமெரிக்க இளைஞர் ஒருவர் அங்கே உயிரிழந்தார். அத்தீவின் மக்கள் தம் விடையை அம்பால் சொல்லிவிட்டார்கள்; அதற்கு முன்பும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 2001 கணக்கெடுப்பில் தொலைவிலிருந்தே எண்ணி 39 பேர் என்றும் 2011இல் 15 பேர் என்றும் எழுதினார்கள். அவர்களுடைய எழுத்தறிவுக்குக் கணக்கு இல்லை, அந்தத் தீவில் பள்ளியும் இல்லை. அவர்கள் கேட்காதவரை அங்கே பள்ளி வேண்டாம் என்பதே சரி.