இல்லை என்று அறிவது எப்படி?

இலங்கையின் கித்துல்கலக் காட்டில் பறவைகள் கலந்தே திரிகின்றன. செம்மஞ்சள் அலகுள்ள சிலம்பன்கள் ஓயாமல் கத்திக்கொண்டு முன்னே போக, கொண்டைக் கரிச்சான் கூடவே வர, பல இனங்கள் ஒரே கூட்டமாய் மரத்துக்கு மரம் நகரும். சிங்கராஜாவில் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களிலிருந்து ஆராய்ந்த இத்தகைய கூட்டங்களில் சராசரியாகப் பத்துக்கு மேற்பட்ட இனங்களும் நாற்பது பறவைகளும் இருந்தன. அந்த நெரிசலில் அதுவரை அறியாத ஒன்று இருந்தால், அதை எந்த அறிவு கண்டுகொள்கிறது? ‘இது நான் அறிந்த எதுவும் இல்லை’ என்பது ஓர் இன்மையைப் பற்றிய அறிவு. இன்மை கண்ணில் படாது, காதிலும் விழாது. அதனால்தான் குமாரில பட்டரின் மீமாம்சை, இன்மையை அறியும் அபாவத்தைத் தனி அளவையாக, அதாவது அறிவுக்கான தனி வழியாக, வைத்தது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியரோ, சிவஞான சித்தியாரில் ஆறென்றும் பத்தென்றும் பிறர் சொன்ன அளவைகளை எண்ணிக்காட்டி, அனைத்தும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்றார். அவர் பக்கமே நியாயம் இருக்கிறது என்பது என் துணிபு. சான்று கித்துல்கலவிலேயே கிடைக்கிறது.

1995இல் இந்தக் காட்டின் இரவுக் குரல்களுக்கு நடுவே, பழக்கமில்லாத ஒரு சிறு கூவலைத் தீபால் வரகாகொட கேட்டார். பறவைக் குரல்களைப் பதிவு செய்வதிலேயே ஊறியவர் அவர். இத்தீவின் ஆந்தைகள் ஒவ்வொன்றும் எப்படிக் கூவும் என்று அறிந்தவர். அந்தக் காதுக்குத்தான் ‘இது அவற்றில் எதுவும் அன்று’ என்ற அறிவு பிறந்தது. அதே கூவலை இறப்பர் தோட்டங்களில் இருட்டோடு பால் வெட்டப் போனவர்களும் கேட்டிருக்கக்கூடும். ஒப்பிட வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. இன்மை தானாக வந்து யாருக்கும் தோன்றுவதில்லை. முன்பு கேட்டவை எல்லாம் மனத்தில் நிற்க, இப்போது கேட்பது அவற்றோடு பொருந்தாதபோது கருதல் அதைப் பிடிக்கிறது. தனி அளவை ஒன்று இருந்திருந்தால், காது உள்ள எவருக்கும் அது வேலை செய்திருக்க வேண்டுமே!

திக்நாகர் வழி வந்த பௌத்தர் இங்கே தடை எழுப்பலாம்: கற்பனை கலவாத காட்சியே தூய காட்சி, பழைய வகைகளைச் சுமந்து போகிறவன் புதியதையும் பழையதாகவே கேட்பான் என்று. இந்தத் தடையை எளிதில் தள்ளிவிட முடியாது. பழக்கம் பல சமயம் காதை அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் கற்பனை கலவாத காட்சியில் ஒலி மட்டுமே உண்டு, புதுமை இல்லை. புதிது என்பது பழையதை அறிந்தவனுக்கே புதிது. இன்னொரு தடை கரிச்சானிடமிருந்தே வருகிறது. அது மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துக் கூவும்; அதைக் கேட்டுக் கூட்டம் சேரும். குரலை நம்பி ஓர் இனத்தைத் துணிவது எப்படி? துணியக்கூடாது. ஐயக்காட்சியை ஐயமாகவே வைத்திருப்பதும் அறிவின் ஒழுக்கம்தான். வரகாகொட அதைத்தான் செய்தார். 2001 ஜனவரியில் சிங்கராஜாவில் கூவிய அந்த ஆந்தை கண்ணில் பட்டது: ஒரு சாணுக்கும் குறைந்த நீளம், செம்பழுப்பு உடல், அதில் கருநிறச் சிறு புள்ளிகள், காதுக் குடுமி இல்லை. 2004இல் வரகாகொடவும் பமேலா ராஸ்முசெனும் அதைப் புதிய இனமாக விவரித்து, சிங்கராஜாவைக் காக்கப் போராடிய திலோ ஹொஃப்மனின் பெயரை இட்டார்கள். கேட்டதற்கும் கண்டதற்கும் நடுவே ஆறு ஆண்டுகள் போயின. ‘எதுவும் இல்லை’ என்பதைக் கருதல் தந்தது. ‘இதுதான்’ என்பதைக் காண்டல் தந்தது. நமக்கு வந்து சேர்ந்திருப்பது உரை.

சித்தாந்த வகுப்புகளில் அபாவத்துக்கு இன்றும் தரையில் இல்லாத குடத்தையே எடுத்துக்காட்டுகிறோம். சப்ரகமுவத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அளவை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இந்த ஆந்தையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது கூவும் காடு அவர்கள் வீட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது.