நடுவர் தவறினால்

நீதிமன்றத்தில் அமர்ந்திருக்கும் நீதிபதி ஒரு வழக்கைக் கேட்டு முடிக்க மாதக்கணக்கில் காலம் எடுத்துக்கொள்ளலாம். சான்றுகளை மீண்டும் மீண்டும் புரட்டலாம். ஐயம் எழுந்தால் தீர்ப்பை ஒத்திவைக்கலாம். காற்பந்துத் திடலின் நடுவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இருபத்திரண்டு பேர் ஓடும் இடத்தில், தாமும் ஓடிக்கொண்டே, கண்ணிமைக்கும் நேரத்திற்குள் அவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ஊதலை ஊதுவதும் தீர்ப்பு. ஊதாமல் விடுவதும் தீர்ப்பு. அவற்றுள் சில பிழைபடும் என்பதை ஒப்புக்கொள்ளாமல் எவரும் இவ்விளையாட்டில் இறங்குதல் இயலாது. நடுவரின் பிழையே வேண்டாம் என்போர் சதுரங்கம் ஆடலாம்.

ஆயினும், பிழையால் இழப்பு நேரும்போது அதனைத் தாங்குதல் எளிதன்று. ஒரு புள்ளி குறைந்தால் ஒரு கழகம் வாகைப் பட்டத்தை இழக்கிறது. மற்றொரு கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்குகிறது. இறங்கிய கழகத்தின் வருவாய் சுருங்கும்போது, பந்தைத் தொட்டே அறியாத எளிய ஊழியர்களின் பிழைப்பும் ஆட்டம் காண்கிறது. ஆகவே, நடுவர் சொன்னதே முடிவு, வாயை மூடிக்கொண்டு போங்கள் என்று அறிவுரை கூறிவிடுதல் அறமாகாது. பாதிக்கப்பட்டோரை ஊமையாக்குவதற்கு ஒழுக்கம் என்று பெயரில்லை. ஆராய வேண்டியது வேறு. தீர்ப்பினால் வஞ்சிக்கப்பட்டதாகக் கருதும் ஒரு கழகம் எதைச் சொல்லலாம், எவரிடம் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது?

1971ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆட்டத்தை இங்கே நினைவு கூரலாம். ஆர்சனலோடு பட்டத்திற்குப் போட்டியிட்டுக் கொண்டிருந்த லீட்ஸ் யுனைடெட், எல்லாண்ட் ரோடு என்னும் தன் சொந்தத் திடலில் வெஸ்ட் புரோம்விச் ஆல்பியனை எதிர்கொண்டது. லீட்ஸ் ஒரு கோல் பின்தங்கியிருந்த வேளையில், எதிரணியின் டோனி பிரவுன் பந்தை இடைமறித்துக்கொண்டு ஓடினார். அவருடைய தோழர் காலின் சகெட் ஆப்சைட் நிலையில் நின்றார். கோட்டு நடுவரின் கொடி உயர்ந்தது. லீட்ஸ் ஆட்டக்காரர்கள் ஊதல் வரும் என்று நின்றுவிட்டனர். ஆனால், சகெட் ஆட்டத்தில் குறுக்கிடவில்லை என்று கருதிய நடுவர் ரே டிங்க்ளர் ஊதவில்லை. பிரவுன் தள்ளிக் கொடுத்த பந்தை ஜெஃப் ஆஸ்டில் வலைக்குள் சேர்த்தார். மக்கள் திடலுக்குள் பாய்ந்தனர். ஆட்டம் 2–1 என முடிந்தது. பருவத்தின் இறுதியில் ஆர்சனல் 65 புள்ளிகள், லீட்ஸ் 64.

டிங்க்ளர் தவறினாரா என்ற வழக்கு அரை நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. ஆப்சைட் நிலையில் நிற்பது மட்டுமே குற்றமாகாது என்னும் விதி அவர் பக்கம் நிற்கிறது. ஆஸ்டிலே பந்துக்கு முன்னால் இருந்தார் என்போரும் உளர். அது கிடக்கட்டும். கவனிக்க வேண்டியது லீட்ஸ் கழகத்தார் நடந்துகொண்ட முறை. அவர்கள் திடலுக்குள் புகுந்த கூட்டத்தைக் கண்டிப்பதைவிட நடுவரைக் குறை கூறுவதிலேயே முனைந்தனர். கூட்டத்தின் செயலுக்காகச் சங்கம் தண்டனை விதித்தது. அடுத்த பருவத்தின் முதல் நான்கு உள்ளூர் ஆட்டங்களை லீட்ஸ் தன் திடலில் ஆடக்கூடாது. அயலூர்த் திடல்களில் ஆடிய அந்த நான்கனுள் இரண்டு சமநிலையில் முடிந்தன. 1972இல் டார்பி கவுண்டி 58 புள்ளிகளோடு பட்டம் வென்றது. லீட்சுக்குக் கிடைத்தவை 57. முதற் பட்டம் நடுவரால் போயிற்று என்று லீட்ஸ் அன்பர்கள் இன்றும் சொல்வர்; இரண்டாவது எதனால் போயிற்று என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவர். சொந்தத் திடலில் ஆடியிருந்தாலும் அவ்விரு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்திருக்கலாம் என்பது உண்மையே. எனினும் அந்த வாய்ப்பைக் கைநழுவவிட்டது டிங்க்ளர் அல்லர்.

பிழையான தீர்ப்பை எதிர்த்து எழுந்த குரல் என்றால் தமிழ் மாணவர்க்குக் கண்ணகி நினைவுக்கு வருதல் இயல்பு. வழக்குரை காதையை வகுப்பில் கற்பிக்கும்போது அவளுடைய சினத்தையே பெரிதுபடுத்துவது வழக்கமாகிவிட்டது. அவையில் அவள் வழக்கை நடத்திய முறைமை அதனினும் கருதத்தக்கது. பாண்டியன் கையூட்டுப் பெற்றான் என்று அவள் கூறவில்லை. பொற்கொல்லனோடு கூடிச் சதி செய்தான் என்றும் கூறவில்லை. ஆராயாமல் தீர்ப்பளித்தான் என்பதே அவள் சாட்டிய குற்றம். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று மன்னனே சொன்னான். சிலம்பை உடைத்துக் காட்டினாள். வழக்கு முடிந்தது. மதுரை எரிந்தது அதன்பின்பு. அந்தத் தீ நியாயமா என்று புலவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்; உடைந்த சிலம்பைப் பற்றி வாதிடுவார் எவருமில்லை.

தீர்ப்புத் தவறு என்பது ஒரு கூற்று. தீர்ப்பளித்தவர் நேர்மையற்றவர் என்பது முற்றிலும் வேறொரு கூற்று. முன்னதைப் படச்சுருளும் விதிநூலும் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். பின்னதற்கு ஒருவரின் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்தாக வேண்டும். கழகங்கள் முன்னதற்கான சான்றை வைத்துக்கொண்டு பின்னதைப் பேசுகின்றன. தீங்கு அங்கேதான் தொடங்குகிறது.

2023–24ஆம் பருவத்தில் இங்கிலாந்தின் இரு கழகங்கள் இதனை ஒன்றுக்கொன்று எதிர்மாறாக விளக்கிக் காட்டின. மூன்றாண்டுகளில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் இழப்புக் காட்டலாகாது என்னும் நிதிவிதியை 19.5 மில்லியன் அளவுக்கு மீறியதாக, 2023 நவம்பர் 17இல் எவர்ட்டன் கழகத்தின் 10 புள்ளிகள் கழிக்கப்பட்டன. அதுவரை எக்கழகமும் அந்த லீக்கில் பெற்றிராத தண்டனை அது. ஆதரவாளர்கள் கொதித்தனர், ஊழல் என்று அச்சிட்ட அட்டைகளை உயர்த்திப் பிடித்தனர். கழகம் மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டில் அது விதியை மீறவில்லை என்று வாதிடவில்லை. தண்டனையின் அளவை மட்டுமே எதிர்த்தது. அதற்கென ஒன்பது காரணங்களை முன்வைத்தது. ஏழு தள்ளப்பட்டன; இரண்டு ஏற்கப்பட்டன. கழகம் நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை என்று முதற்குழு முடிவு செய்தது தவறு என்பது ஒன்று. ஒப்புநோக்கத்தக்க முன் அளவுகோல்களைப் பொருட்படுத்தவில்லை என்பது மற்றொன்று. 2024 பிப்ரவரி 26இல் 10 புள்ளிகள் 6 ஆகக் குறைந்தன. அட்டைகளும் உதவின என்று கருதுவோர் இருக்கலாம். தீர்ப்பில் எழுதப்பட்டிருப்பவை அந்த இரண்டு காரணங்களே.

அதே எவர்ட்டனின் திடலில், 2024 ஏப்ரல் 21இல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 2–0 எனத் தோற்றது. அதுவும் நிதிவிதியை மீறியதற்காக 4 புள்ளிகளை இழந்து, கீழ்ப்பிரிவின் விளிம்பில் தத்தளித்துக் கொண்டிருந்த கழகம். மூன்று முறை பினால்டி கேட்டது, மூன்றும் மறுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கொடுத்திருக்க வேண்டியதே என்று பின்னர் ஆராய்ந்த குழு கருதியது. ஆகவே ஃபாரஸ்டின் மனக்குறை வெறுங்கற்பனை அன்று. ஆனால் ஆட்டம் முடிந்த சற்றைக்கெல்லாம் கழகம் தன் பெயரிலேயே உலகறிய ஓர் அறிவிப்பை வெளியிட்டது. காணொளித் துணை நடுவர் லூட்டன் கழகத்தின் ஆதரவாளர் என்றும், ஆட்டத்திற்கு முன்பே எச்சரித்தும் அவரை மாற்றவில்லை என்றும் அது கூறியது. லூட்டன் அப்போது ஃபாரஸ்டோடு சேர்ந்து கீழே இறங்காமலிருக்கப் போராடிய கழகம். அறிவிப்பைப் படித்தவர் எதை நினைக்க வேண்டும் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

பள்ளியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். தம் மகனின் தேர்வுத்தாளை ஓர் ஆசிரியர் திருத்தலாகாது என்று விதி செய்வது தக்கதே. அவ்விதியைக் கேட்டுத் தேர்வுக்கு முன்பே தலைமையாசிரியரிடம் செல்பவர் தம் கடமையைச் செய்கிறார். மதிப்பெண் வெளிவந்த பின், அவர் பையனின் தந்தை, ஆதலால் திருடினார் என்று தெருவில் நின்று கூவுபவர் வேறொன்றைச் செய்கிறார். ஃபாரஸ்ட் ஆட்டத்திற்கு முன் செய்தது முதல்வகை. பின் செய்தது இரண்டாம் வகை. 2024 அக்டோபரில் அதற்கு 750,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. பினால்டியைப் பற்றிய நியாயமான முறையீட்டை அதன்பின் எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

நடுவர்கள் விலைபோனதே இல்லையா என்று இங்கே ஒருவர் மறுத்துரைக்கலாம். போயிருக்கிறார்கள். 2004 ஆகஸ்டில் ஜெர்மனியின் கிண்ணப் போட்டியில், பாடர்போர்ன் என்னும் சிறிய கழகத்திடம் ஹாம்பர்க் 4–2 எனத் தோற்றது. அன்றைய நடுவர் ராபர்ட் ஹோய்சர் சூதாட்டக்காரரின் பணம் பெற்றவர். அவருக்கு 2005 நவம்பரில் இரண்டாண்டு ஐந்து மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஐயுறுவதே பாவம் என்று கூறுவதற்கு இடமில்லை. ஆனால் ஹோய்சர் எவ்வாறு அகப்பட்டார்? தோற்ற கழகத்தின் கூச்சலால் அன்று. உடன் பணிபுரிந்த நடுவர்கள் நால்வர் தாம் அறிந்ததைச் சங்கத்திடம் சென்று உரைத்தனர். தோற்கும்போதெல்லாம் கள்வன் என்று கத்தும் பழக்கம் பரவிய இடத்தில், உண்மையான கள்வன் கூட்டத்துள் எளிதில் மறைந்துகொள்வான்.

இதற்குரிய விலையைக் கொடுப்பவர் யார் என்பதையும் பார்த்தல் வேண்டும். கழகத்திற்குத் தொலைக்காட்சி உண்டு, செய்தித்தொடர்பாளர் உண்டு, கோடிக்கணக்கான அன்பர்கள் உண்டு. நடுவருக்கு அவற்றுள் எதுவுமில்லை. ஸ்பெயினில் ரியால் மாட்ரிட் கழகத்தின் தொலைக்காட்சி, வரவிருக்கும் ஆட்டத்தின் நடுவர் முன்னர்ச் செய்த தவறுகளைத் தொகுத்து ஒளிபரப்புவதை வழக்கமாக்கிக் கொண்டது. 2025 ஏப்ரல் 25இல், அரசர் கிண்ண இறுதியாட்டத்திற்கு முதல்நாள், நடுவர் டி புர்கோஸ் பெங்கோயெட்சியா செய்தியாளர்முன் கண்ணீர் விட்டார். உன் தந்தை திருடன் என்று பள்ளியில் பிற பிள்ளைகள் சொல்ல, தம் மகன் அழுதுகொண்டே வீடு திரும்புவதாக அவர் கூறினார். கழகத்தின் ஒளிபரப்பு பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடல்வரை வந்து சேர்கிறது என்பதை ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. துருக்கியில் அது அதனினும் கீழே இறங்கிற்று. 2023 டிசம்பர் 11இல் அங்காராகுச்சு கழகத்தின் தலைவரே திடலுக்குள் புகுந்து நடுவர் ஹாலில் உமுட் மெலரின் முகத்தில் குத்தினார்.

உரத்துப் பேசியும் வரம்பு கடவாத முறையீடு உண்டா? ஒன்றைச் சுட்டலாம். 2023 செப்டம்பர் 30இல் டோட்டன்ஹாம் திடலில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் ஆப்சைட் என மறுக்கப்பட்டது. காணொளித் துணை நடுவர் படத்தைப் பார்த்தார். ஆப்சைட் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது. ஆனால் திடலில் கோல் வழங்கப்பட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டு, சரிபார்ப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டார்! ஆட்டம் தொடங்கிவிட்டதால் திருத்த வழியில்லாமல் போயிற்று. லிவர்பூல் கடுமையாகவே பேசியது. பயிற்றுநர் கிளாப் மறு ஆட்டம் கூடக் கேட்டார். அது கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் ஒவ்வொரு வாரமும் இருபது மறு ஆட்டங்களுக்கு வழி திறந்திருக்கும். ஆயினும் நடுவர்களின் உரையாடல் பதிவை வெளியிடுக என்ற கோரிக்கை பயன் தந்தது. மூன்று நாளில் அதனை உலகமே கேட்டது. அதில் சதி இல்லை. குழப்பமும், பிழை புலப்பட்ட நொடியில் எழுந்த திகைப்புமே இருந்தன. இனிச் சொல்லையும் செயலையும் உறுதிப்படுத்திக்கொள்ளப் புதிய முறை வகுக்கப்படும் என்று நடுவர் அமைப்பு அறிவித்தது. லிவர்பூல் இழந்த கோல் திரும்பவில்லை. கேட்ட கேள்வியின் பயன் மற்றெல்லாக் கழகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

திருவள்ளுவர் நடுவு நிலைமையை எங்கே வைத்தார் என்பதை மாணவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். மன்னனுக்குரிய செங்கோன்மையை அவர் பொருட்பாலில் வைத்தார். நடுவு நிலைமையையோ அறத்துப்பாலில், இல்லறத்தானுக்குரிய பன்னிரண்டாம் அதிகாரமாக அமைத்தார். தீர்ப்பளிப்பவனிடம் மட்டும் எதிர்பார்க்கும் பண்பாக அவர் அதனைக் கருதவில்லை. வழக்காடுபவனுக்கும் அதுவே கடன். அவ்வாறாயின், நடுவரிடம் நடுநிலையைக் கோரும் கழகத்திடம் கேட்க ஒரு கேள்வி உண்டு. பிழையால் தனக்கு ஆதாயம் வந்த நாளில் அது என்ன செய்தது? மறுக்கப்பட்ட பினால்டிக்காக அறிக்கை விடும் கழகங்களுள், தகாமல் கிடைத்த பினால்டிக்காக அறிக்கை விட்டது எது?

அருமையாகவேனும் ஒன்று நிகழ்ந்தது. 1999 பிப்ரவரி 13இல் எஃப்.ஏ. கிண்ண ஆட்டத்தில் ஆர்சனலும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் 1–1 என இருந்தன. அடிபட்டுக் கிடந்த தம் தோழருக்குச் சிகிச்சை கிடைக்கட்டுமென்று ஷெஃபீல்டின் கோல் காவலர் பந்தை வெளியே உதைத்தார். வழக்கப்படி ஆர்சனலின் ரே பார்லர் அதனை எதிரணிக்கே எறிந்து கொடுத்தார். அன்றுதான் முதன்முறையாக ஆர்சனலுக்கு ஆட வந்த கானு, நடந்ததை உணராமல் அப்பந்தை எடுத்துச் செல்ல, ஓவர்மார்ஸ் கோலாக்கினார். விதிநூலில் அதைத் தடுக்கும் விதி இல்லை. நடுவர் வழங்கியது சரியான தீர்ப்பே. ஆர்சனல் 2–1 என வென்றது. எவரும் அதன் வெற்றியைப் பறித்திருக்க முடியாது. ஆட்டம் முடிந்ததும் பயிற்றுநர் ஆர்சன் வெங்கர், இந்த வெற்றி வேண்டாம், மீண்டும் ஆடுவோம் என்றார். சங்கமும் இணங்கியது. பத்து நாள் கழித்து, பிப்ரவரி 23இல், இரு குழுக்களும் மறுபடி ஆடின. ஆர்சனலே வென்றது, அதே 2–1.