அளவெடுத்துச் செய்த மேசையும் முக்காரணமும்

திருப்பதி மாவட்டத்து நாகலாபுரத்தில் வேதநாராயணப் பெருமாளும், அதனை அடுத்த சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட ஈசுவரரும் கோயில் கொண்டிருப்பதால், படைப்பைப் பற்றிய இரு கொள்கைகள் அங்கே அருகருகே நிற்கின்றன. துண்டுத் துணிகளை அடுக்கிப் போர்வை தைக்கும் ஒரு பெண்ணின் முழங்கை உயரத்தை அளந்து தச்சர் மேசை செய்து தருவாராயின், மரம் முதற்காரணம், உளியும் இழைப்புளியும் துணைக்காரணம், தச்சர் நிமித்தகாரணம், அதாவது செய்வோர், என்று சைவ சித்தாந்தம் பகுக்கும். உலகத் தோற்றத்திற்கு மாயை, சத்தி, இறைவன் ஆகிய மூன்றும் இதே முறையில் காரணமாகும் என்பது அதன் முடிபு. வைணவத்தின் விசிட்டாத்துவைதக் கொள்கையோ உயிர்களையும் சடப்பொருளையும் நாராயணனின் உடலாகக் கொள்வதால் மூன்று காரணமும் அவனே என்கிறது. தச்சர் மரமாக முடியாது ஆகையால், இங்கே அவ்வுவமை துணைசெய்யாது.

ஆனால் ‘யாருக்காக’ என்னும் வினா இந்தப் பகுப்பினும் ஆழமானது. கடையில் அடுக்கிய மேசை எவரையும் நினைத்துச் செய்யப்பட்டதன்று. அளவெடுத்த மேசையிலோ அதைப் பயன்படுத்துவோரின் உடல் முன்பே இடம்பெற்றுவிடுகிறது. தனு, கரணம், புவனம், போகம், அதாவது உடல், மனம் முதலிய உட்கருவிகள், உலகம், நுகர்வு ஆகிய நான்கையும் இறைவன் ஒவ்வோர் உயிரின் வினைக்கும் ஏற்பக் கூட்டுகிறான் என்று சித்தாந்தம் கூறுவது இத்தகைய ஆக்கத்தையே. தச்சருக்குக் கூலி உண்டு, இறைவனுக்கோ அதனால் பெறும் பயன் எதுவுமில்லை. நோயுற்ற உடலைக் கண்டு, இது பழவினையின் தண்டனை என்று மட்டும் பேசுவோர், உயிரின் அறிவை மறைத்துப் பிணித்த ஆணவமலம் நீங்கும்பொருட்டே உடல் அருளப்படுகிறது என்னும் இன்றியமையாத பகுதியை விட்டுவிடுகின்றனர்.