களைதல் என்னும் சொல்லின் உட்பொருள்

உற்சவ காலத்தில் எம்பெருமான் திருமுன்பே நிற்கும் பக்தர்களின் வாயில் தவறாமல் வரும் விண்ணப்பம், "துன்பத்தைக் களைந்தருள வேண்டும்" என்பதாகும். களைதல் என்றால் நீக்குதல் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் ஒழித்தல், அகற்றுதல், எறிதல் என்று பல சொற்கள் இருக்க, இவ்விடத்தில் இச்சொல் வந்து அமைந்ததன் உட்பொருள் சிந்திக்கத்தக்கது.

உழவன் வயலில் இறங்கிக் களை களைகிறான். பயிரின்மீது கொண்ட பரிவே அவனைக் குனியச் செய்கிறது. பயிரின் வேர் அசையாதபடி பார்த்துப் பார்த்துப் பறிக்கிறான். மடைப்பள்ளியில் தளிகைக்கு அரிசி களைகிறார்கள். தூசும் தவிடும் நீரோடு போக, அரிசி தூய்மையுற்று நிற்கிறது. சந்நிதியில் விடியற்காலையில், முதல்நாள் சாற்றிய மாலைகளை அர்ச்சகர் களைகிறார். நாரைப் பற்றி வெடுக்கென்று இழுப்பதில்லை. திருமேனி நோகுமோ என்று அஞ்சி, மெல்ல அவிழ்த்து எடுக்கிறார். இம்மூன்றிடத்தும் ஒன்று புலப்படும். ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றைப் பக்குவமாக நீக்குவதே களைதல்.

களைந்தது எல்லாம் கழிவும் ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருவேங்கடமுடையானுக்கும், சித்திரையில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கும் இன்றும் சென்று சேர்கிறது. பெருமாள் சூடிக் களைந்த துளசியோ அடியார்களுக்குப் பிரசாதம்.

வடமொழியில் 'ஹ்ரு' என்னும் தாதுவினின்று 'ஹரி' என்னும் திருநாமத்திற்குப் பொருள் கூறுவர். பாபங்களை அபகரிப்பவன் ஹரி. அந்தத் தாதுவுக்குத் திருடுதல் என்னும் பொருளும் உண்டு. உடையவன் அறியாமல் எடுப்பது திருட்டு. எம்பெருமான் நம்மிடமிருந்து நீக்கியவற்றுள் நாம் அறியாதவை எத்தனையோ!

இங்கே ஓர் ஐயம் எழும். பிள்ளையின் பிணி தீர வேண்டுமென்று ஆண்டுதோறும் நடந்து வந்தும், பிணி தீராமலே மீண்டும் திருமுன்பு நிற்கும் தாய் ஒருத்தி உண்டு. "களைவான் என்றீர்களே, என் துன்பத்தை ஏன் களையவில்லை?" என்று அவள் கேட்டால் யாது விடை? அவள் பக்தியில் குறை சொல்வது பெரும் பாபம். அவளுக்கு விடை கூறும் தகுதி நம்மாழ்வாருக்கே உண்டு.

திருவாய்மொழியின் ஐந்தாம் பத்தில், எட்டாம் திருவாய்மொழி திருக்குடந்தை ஆராவமுதப் பெருமாளைப் பற்றியது. அதன் எட்டாம் பாசுரத்தில் ஆழ்வார் இச்சொல்லையே எடுத்தாள்கிறார். பெருமான் துயரை நீக்கினும் நீக்காதொழியினும், தமக்கு வேறு பற்றுக்கோடு இல்லை என்பது அங்கே அவர் செய்யும் விண்ணப்பம். பற்றுக்கோட்டிற்கு அவர் இட்ட சொல் 'களைகண்' என்பதாகும். துன்பம் களையப்படாத நாளிலும் களைகண் ஆனவன் களைகண்ணாகவே இருக்கிறான். ஆழ்வாரும் கண்ணீரோடு நின்றவரே. அந்தத் தாய் நிற்பதும் அவர் நின்ற இடத்திலேயே. "தீர்த்தால் வருவேன்" என்னும் எண்ணம் அவளிடம் இல்லை. நெஞ்சினுள் முளைக்கும் அந்தப் பேரம் அல்லவோ முதலில் களையத்தக்க களை!

இந்தப் பத்துப் பாசுரங்களை யாத்திரிகர் சிலர் காட்டுமன்னார்கோயிலில் சேவிக்கக் கேட்டே, நாதமுனிகள் நெஞ்சுருகினார். முடிவில் "ஆயிரத்துள் இப்பத்து" என்னும் குறிப்பைக் கண்டு, எஞ்சியவற்றைத் தேடித் திருக்குருகூர் சென்று, நாலாயிரமும் உலகுக்குக் கிடைக்கச் செய்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அந்த யாத்திரிகர்களின் பெயரும் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் வேண்டி வந்தது கிடைத்ததா என்பதும் தெரியாது. நடந்து வந்தார்கள், பாடினார்கள். அதனால் உலகம் வாழ்ந்தது.

உற்சவத்திற்கு எழுந்தருளும் அடியார்களும் அவர்களைப் போன்றவர்களே. எதைக் களைவது, எப்போது களைவது என்பதை எம்பெருமான் திருவுள்ளத்திற்கு விட்டு, அவனையே களைகண்ணாகப் பற்றி நிற்கும் யாவரையும், பயிரைக் காக்கும் உழவனைப் போல் அவன் காத்தருள்வானாக.

சுபம்.