ஆறுதல் என்னும் கைங்கர்யம்

ஸ்ரீ:



மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் ஸ்ரீசௌரிராஜப் பெருமாள், காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்குத் தீர்த்தவாரி கண்டருள எழுந்தருளுவதைப் பலரும் சேவித்திருப்பீர்கள். அக்கரையில் வாழும் மீனவப் பெருமக்கள் அவனை “மாப்பிள்ளைப் பெருமாள்” என்று கொண்டாடி எதிர்கொள்கின்றனர். தங்கள் குலத்துதித்த பத்மினித் தாயாரை மணந்தவன் என்பதனால் எம்பெருமான் அவர்களுக்கு மருமகன்; அக்கடற்கரை அவனுக்கு மாமனார் அகம். அவன் அடியார்களாகிய நாமெல்லோரும் அவர்களுக்குச் சம்பந்திகள் அல்லரோ!

அக்கடற்கரையில்தான் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பேரிடி விழுந்தது. சுமத்ராத் தீவை ஒட்டிய கடலடியில் நேர்ந்த பூகம்பம் எழுப்பிய ஆழிப்பேரலை, காரைக்காலையும் நாகையையும் சூழ்ந்த குப்பங்களை வாரிச் சென்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்னமும் ஆடையும் பல திசைகளிலிருந்தும் வந்து குவிந்தன. அவற்றைத் தந்தவர்கள் நன்றிக்குரியவர்கள். ஆயின், பெற்ற பிள்ளையைக் கையிலிருந்து அலைக்குப் பறிகொடுத்த தாயின் நெஞ்சுக்கு எதைக் கொடுப்பது? அவளருகே சென்றவர்கள் பலர், என்ன சொல்வதென்று அறியாமல், “எல்லாம் முன்வினை, அழாதே” என்று சொல்லித் திரும்பினர். சொன்னவர்களிடம் தீய எண்ணம் இல்லை. கேட்டவள் நெஞ்சிலோ, பிள்ளையை இழந்த துயரோடு, அவ்விழப்புக்குத் தானே காரணம் என்னும் பழியும் சேர்ந்துகொண்டது.

துயருற்றாரைத் தேற்றும் முறையை நமக்குக் காட்டித் தந்தவர் சிறிய திருவடியாகிய ஸ்ரீஆஞ்சநேயர். அசோகவனத்தில் அவர் செய்ததைப் படிப்படியாக நோக்குவோம்.

பிராட்டியைக் கண்டவுடன் அவர் அருகே ஓடவில்லை. சிம்சுபா மரத்தின் இலைகளுக்கிடையே அமர்ந்து, அவள் நிலையையும், அரக்கியர் அச்சுறுத்துவதையும், அவள் உயிர்விடத் துணிவதையும் கண்டார். எந்த மொழியில் பேசினால் அஞ்சமாட்டாள் என்று ஆராய்ந்தார். பின்னரே தசரதன் கதை தொடங்கி, சக்ரவர்த்தித் திருமகன் சரிதத்தை மெல்லச் சொன்னார். இறங்கி வந்து அணுகியபோது, இவன் இராவணனோ என்று ஐயுற்றாள் பிராட்டி. அவர் சினம் கொள்ளவில்லை. அவள் கேட்ட அடையாளங்களையெல்லாம் பொறுமையுடன் விவரித்தார். நம்பிக்கை பிறந்த பின்பே கணையாழியைக் கொடுத்தார். தோளில் சுமந்து செல்வதாக வேண்டியபோது அவள் மறுத்தாள். அம்மறுப்பையும் தலைமேற்கொண்டார். உதவி செய்ய வந்தவன் தன் விருப்பத்தைத் துயருற்றோர் மேல் ஏற்றலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, நம் நெஞ்சில் பதிய வேண்டிய இடம் ஒன்றுண்டு. பிராட்டி நெடுநேரம் தன் துயரைச் சொல்கிறாள். ஆற்றல் மிக்க பெருமாள் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறாள். முடிவில், தான் செய்த பெரும்பாவம் ஏதோ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறாள். வினை என்னும் சொல் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. திருவடி எல்லா சாஸ்த்ரமும் கற்றவர். அவர் “ஆம்” என்று சொல்லவில்லை. வினையின் இயல்பை விரித்துரைக்கவும் இல்லை. பெருமாள் உன் பிரிவால் மற்றெதிலும் மனம் செல்லாமல் வருந்துகிறார் என்று சத்தியம் செய்து கூறினார். நீ அழும்போது அவனும் அழுகிறான் என்பதே அவர் தந்த ஆறுதல்.

கர்மத்தைப் பற்றிய உபதேசம் பொய்யன்று. அது ஒவ்வொருவரும் தம்மை ஆராய்ந்து திருந்துவதற்கு ஏற்றிய விளக்கு. அதைக் கொண்டு பிறர் புண்ணைச் சுடுவது வைஷ்ணவ லக்ஷணம் அன்று. அவ்வாறே, “பெருமாள் அன்று எங்கே போனான்?” என்று இழந்தவள் கேட்டால், அதை நாஸ்திகம் என்று கடிந்துகொள்ளவும் வேண்டா. பிராட்டியே கேட்ட கேள்வி அது. அவனிடம் உறவு உள்ளவர்க்கன்றோ அவனிடம் கோபம் வரும்!

உலக சுகாதார நிறுவனம் முதலானவை 2011ஆம் ஆண்டு வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, “பார், கேள், இணை” என்று மூன்று செயல்களைக் கூறுகிறது. நிலையைப் பார்த்து அணுகுக. அவர்கள் சொல்வதைக் கேட்க. உற்றாரோடும் வேண்டிய உதவிகளோடும் இணைத்து வைக்க. நடந்ததை விவரிக்கும்படி வற்புறுத்தலாகாது என்றும் அது எச்சரிக்கிறது. மரத்தின்மேல் இருந்து பார்த்து, எதிரே நின்று கேட்டு, கணையாழியாலும் சூடாமணியாலும் இருவரை இணைத்த திருவடியின் செயலே இம்மூன்றிலும் விளங்குகிறது.

ஆகவே, வெள்ளமோ புயலோ வந்துற்ற ஊருக்குச் செல்லும் அன்பர்கள், பேசுவதைக் குறைத்து அருகிருத்தலை மிகுதியாக்குக. அழுபவரை அழவிடுக. பேசாதிருப்பவரைத் துருவிக் கேளாதிருப்பீராக. தொலைந்த சான்றிதழைத் திரும்பப் பெறவும், பிள்ளை மீண்டும் பள்ளி செல்லவும், கடலைக் கண்டு அஞ்சுபவர் தம் தொழிலுக்கு மெல்லத் திரும்பவும் துணை நில்லுங்கள். பல வாரங்கள் சென்றும் உறக்கமின்றித் தவிப்பவரையும், உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவரையும் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தை நாடுவது பக்திக் குறைவன்று. எல்லோரும் சென்ற பின்னும், மறு மாதமும் மறு ஆண்டும் சென்று நலம் விசாரியுங்கள். ஆண்டு திரும்பும் நாளில் புண் மீண்டும் திறக்கும்.

பிராட்டியைத் தேற்றி வந்த திருவடிக்கு என்ன பரிசு கிடைத்தது? நாடிழந்து காட்டில் நின்ற பெருமாளிடம் கொடுக்கப் பொருள் ஏதும் இல்லை. தன் உடைமை இதுவே என்று அவரைத் திருமேனியோடு அணைத்துக்கொண்டான். ஒரு தாயின் கண்ணீர் அருகே பொறுமையாய் அமர்ந்திருப்பவர்க்கு அந்த ஆலிங்கனத்தில் பங்குண்டு என்று நம்பி, இக்கைங்கர்யத்தில் இழிவோமாக.

சுபம்.