செல்லுக்கு விரதம் உண்டா?

ஐப்பசி பிறந்து கந்த சஷ்டி நெருங்கினால் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. ஜப்பான் விஞ்ஞானி ஒருவர் 2016இல் நோபல் பரிசு வாங்கினாராம். பட்டினி கிடந்தால் உடம்பு தன் கழிவைத் தானே தின்று புற்றுநோயை அழித்துவிடும் என்று நிரூபித்தாராம். இதை அறிந்துதான் நம் முன்னோர் சஷ்டி விரதத்தை வைத்தார்களாம். பாளையங்கோட்டையில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். திருச்செந்தூர் முருகனை நினைத்து ஆறு நாளும் விரதம் இருக்கிறவளும்கூட. அதனால் இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடிந்ததில்லை. என் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அறவே முடியவில்லை. குழுவில் வந்ததை நம்பி அவள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தாள். கீமோ ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

யோஷினோரி ஓசுமி பரிசு பெற்றது உண்மை. அவர் நுண்ணோக்கியில் பார்த்தது ஈஸ்ட் செல்களை. ஊட்டம் கிடைக்காத ஈஸ்ட், தன் உட்பொருளில் ஒரு பகுதியைச் சவ்வால் சுற்றிக் கொண்டுபோய்ச் செரித்துக்கொள்கிறது. அதற்கு வேண்டிய மரபணுக்களை 1990களில் அவர் கண்டுபிடித்தார். இந்தத் தன்னைத் தானே செரிக்கும் வேலைக்கு ஆட்டோஃபேஜி என்ற பெயரை 1963இலேயே பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் வைத்திருந்தார். பரிசுக்குரிய அந்த ஈஸ்ட் ஆய்வில் விரதமும் இல்லை, புற்றுநோய்ச் சிகிச்சையும் இல்லை.

புற்றுநோயோடு இதை முதலில் அழுத்தமாக இணைத்தவர்களில் அமெரிக்க மருத்துவர் பெத் லெவின் முக்கியமானவர். ஆட்டோஃபேஜிக்கு வேண்டிய பெக்லின் 1 என்ற மரபணு கட்டிகள் வளர்வதைத் தடுக்கிறது என்று 1999இல் அவர் குழு காட்டியது. மார்பகப் புற்றுகள் பலவற்றில் அந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. லெவின் 2020இல் மறைந்தார், மார்பகப் புற்றுநோயால். தான் ஆராய்ந்த நோயே தன் உடம்பிலும் இருக்க, அதை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

இத்தோடு நின்றிருந்தால் ஆட்டோஃபேஜியை நல்லது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் வளர்ந்துவிட்ட கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை. அங்கே உயிர்வாயுவும் ஊட்டமும் குறைந்து தவிக்கும் புற்றுச் செல்களும் இதே ஆட்டோஃபேஜியை வைத்துத்தான் பிழைக்கின்றன. நோய் வராமல் காத்த வேலை, வந்த பிறகு நோயையும் காக்கிறது. ஆட்டோஃபேஜியைத் தூண்டுவதற்குப் பதிலாகத் தடுத்துப் பார்க்கலாம் என்று மலேரியாவுக்குத் தரும் குளோரோகுயின் வகை மருந்துகளைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்ததும் இதனால்தான். குழுவில் வரும் செய்தியில் இந்தப் பாதி என்றைக்கும் இருந்ததில்லை.

இந்த வேலையை முடுக்குவதும் அடக்குவதும் யார்? பல கைகள் உண்டு. அவற்றில் என் மனம் அதிகம் தங்குவது கால்சியத்தில். ஆய்வகத்தில் தவளையின் இதயத்தை ரிங்கர் கரைசலில் வைத்து மாணவிகளுக்குக் காட்டிய காலத்திலிருந்தே அப்படி. அந்தக் கரைசலுக்குப் பெயர் தந்த சிட்னி ரிங்கர், கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது என்பதை 1880களில் லண்டனில் கண்டவர். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சிய அயனியின் செறிவு உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு. இந்த வேறுபாட்டைக் காப்பதற்காகச் செல் ஓயாமல் அயனிகளை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே எண்டோபிளாச வலையில் கொஞ்சம் சேமித்தும் வைக்கிறது. அங்கிருந்து சிறிது கசிந்தாலும் செல்லுக்கு அது ஒரு செய்தி.

அந்த வலை மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டி நிற்கும் இடங்களில் கால்சியம் விடாமல் சிறுகச் சிறுக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அது வந்தால்தான் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தி ஒழுங்காக நடக்கும். அளவுக்கு மீறி வந்தால் செல் தன்னை மாய்த்துக்கொள்ளும். வராமலே நின்றால் என்ன ஆகும் என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெவின் ஃபாஸ்கெட், சீசர் கார்டெனாஸ் முதலானோர் 2010இல் காட்டினார்கள்: ஆற்றல் குறைகிறது, குறைவை உணரும் நொதி விழிக்கிறது, ஆட்டோஃபேஜி தொடங்குகிறது, செல் பிழைத்துக் கிடக்கிறது. இதே குழுவினர் 2016இல் புற்றுச் செல்களிடம் அதே கால்சிய வரவை நிறுத்திப் பார்த்தார்கள். அவற்றிலும் ஆற்றல் குறைந்தது, ஆட்டோஃபேஜியும் தொடங்கியது. சாதாரணச் செல்கள் பிரிவதைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தன. புற்றுச் செல்களோ நிற்காமல் பிரியப் போய், பாதியில் செத்தன. இது செல்லுக்குள் ஓரிடத்தில் நடக்கும் பரிமாற்றத்தைப் பற்றிய செய்தி. நாம் விழுங்கும் கால்சிய மாத்திரைக்கும் வயிற்றுப் பட்டினிக்கும் இதில் இடமில்லை என்று எங்கள் குழுவில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்பில் இதைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் உற்சாகமாகிவிட்டார். "அம்மா, புற்றுச் செல்லுதான் ஆணவ மலம். 'நான் நான்'னு பெருகி அழியுது. நல்ல செல்லு அடங்கி நிக்கி" என்றார். கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நாம் படிக்கிற சித்தாந்தமே அதற்கு இடம் தரவில்லை. ஆணவம் செம்பில் களிம்பு போல உயிரைப் பற்றியது. உடலும் கருவிகளும் மாயையிலிருந்து வந்தவை, சடம். சடத்துக்கு 'நான்' கிடையாது. செல்லுக்கு ஆணவம் இல்லை என்றால் அடக்கமும் இல்லை. பிரிவதை நிறுத்திய செல் எதையும் துறக்கவில்லை. அதன் கட்டுப்பாட்டுப் புரதங்கள் சிதையாமல் இருந்தன, அவ்வளவுதான். புற்றை ஆணவம் என்று சொல்லிவிட்டால் அடுத்த பேச்சு எங்கே போகும் என்பதையும் நான் பார்த்தவள். அது நோயாளியின் குணத்தைத் தேடிப் போகும்.

விரதத்தையும் இதனால்தான் செல்லிடமிருந்து மீட்டுக்கொள்ள நினைக்கிறேன். சாப்பாடு எதிரே இருக்க, வேண்டாம் என்று ஒருவர் மனமறிந்து ஒதுக்கி அந்த நேரத்தை இறைவனுக்குக் கொடுப்பது விரதம். ஊட்டம் வராத ஈஸ்டுக்கு ஒதுக்க எதுவும் இல்லை. ஆறு நாள் நான் இருக்கும் விரதத்துக்கு ஈஸ்டு சாட்சி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அதன் பொருள் கூடப்போவதில்லை, குறையப்போவதும் இல்லை. உடம்புக்கு நல்லது என்பதற்காக இருந்தால் அது பத்தியம். பத்தியத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாத்தனாருக்கு அவர் சொன்னதோ புரதம் கூட்டிச் சாப்பிட வேண்டும், எடை இறங்கவே கூடாது என்பது. பருப்பும் பனீரும் போதாமல் போய் முட்டையும் வேண்டும் என்றபோது, பரம்பரைச் சைவ வீட்டில் பிறந்த அவள் அழுதாள். சாப்பிடு என்று நான்தான் வற்புறுத்தினேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அருளே உருவானவன் தந்த உடம்பில், நல்லதையும் கெட்டதையும் ஒரே வழியில் காக்கும் இந்த ஏற்பாடு ஏன்? ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று என்று சித்தாந்தம் சொல்கிறது. அதை நான் ஏற்கிறேன், ஆனால் வலியில் கிடக்கிறவளிடம் அதை விடையாக நீட்ட எனக்கு மனம் வராது. வினையையும் நான் மறுக்கவில்லை. நுகர்வினை உடம்பின் வழியாகத்தான் வரும் என்றே படித்திருக்கிறேன். அதே நூல்கள், வினையும் சடம், அதைச் செய்தவனோடு சேர்ப்பிக்கிறவன் இறைவன் மட்டுமே என்கின்றன. அப்படியென்றால் அந்தக் கணக்கைப் படிக்கும் கண் நம்மில் எவருக்கும் இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "என்ன வினையோ" என்று பெருமூச்சு விடுகிற உறவினர், தமக்கு உரிமையில்லாத ஏட்டைப் புரட்டுகிறார்.

"மதினி, நான் என்ன பாவம் செஞ்சேன்னு தினமும் தேடிக்கிட்டே இருக்கேன்" என்றாள் நாத்தனார் ஒருநாள். அவளுடைய மார்பில் ஒரு செல் பிரியும்போது மரபணுவில் பிழைகள் சேர்ந்தன. அவற்றில் அவள் செய்தது எதுவும் இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ முருகன்கிட்ட என்னன்னு கேக்க?" என்றாள்.

"சுகப்படுத்துன்னு கேளு" என்றேன். "மன்னிச்சிருன்னு கேக்காத."